மேல் இமையில் ஒரு மஞ்சள் மரு

மேல் இமையில் முளைத்த மஞ்சள் மருவை டாக்டரம்மா வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியதிலிருந்து தையற்காரிக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் குடல் புற்றுநோயில் போனவர்கள். இருவருமே ஐம்பதைத் தொடவில்லை. அடுத்தது தனக்குத்தான் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

முடிவு கேட்கப் போன அன்று துணைக்கு வந்த தம்பியோ வழியெல்லாம் கிண்டல். அப்பாவுக்கு மூக்கோரம், பெரியப்பாவுக்கு நெற்றியில், இவனுக்குக் கன்னத்தில் என்று அந்த மஞ்சள் மரு அவர்கள் குடும்பச் சொத்து. "நம்ம வீட்டு முத்திரைக்கா, அதைப் போய் வெட்டிட்டியே" என்றான். வாய்க்கு ஒரு குறையும் இல்லை, வயிறுதான் சரியில்லை. அவளை உள்ளே கூப்பிட்ட நேரத்தில் கழிப்பறைக்கு ஓடிவிட்டான்.

"பயப்படாதீங்க, புற்றுநோய் இல்ல" என்றார் டாக்டரம்மா. எண்ணெய்ச் சுரப்பியில் வரும் சாதுவான கட்டியாம். அபூர்வமாகத்தான் வருமாம். முழுசாக எடுத்தாகிவிட்டதாம்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி, அப்பா எதில் இறந்தார், என்ன வயதில் என்று கேட்டார். பெரியப்பாவையும் சேர்த்தே சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"இந்தக் கட்டி உங்கள ஒண்ணும் செய்யாது. ஆனா இது வர்ற சில குடும்பங்கள்ல குடல்லயும் புற்றுநோய் வருது. உங்க குடல உடனே பாத்துடணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா காப்பாத்திடலாம். வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி மரு இருக்கா?"

எடுத்த பையைக் கீழே வைத்தாள். அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் இளித்தான்.

"என்னக்கா, நல்ல சேதிதானே?"

டாக்டரம்மா அவன் கன்னத்தைப் பார்த்தார். தையற்காரி அவன் இடுப்பைப் பார்த்தாள். நழுவும் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். இந்த வருஷம் அதன் இடுப்பை இரண்டு முறை பிடித்துத் தைத்தவள் அவள்தான். இளைத்ததும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டாய் என்று கேலி செய்தவளும் அவள்தான்.