சலவைக் கூடத்தின் முதல் சொத்து

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் ஆகாது என்பது ஆஸ்பத்திரிப் பின்தெருவுக்கே தெரிந்த சங்கதி. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள். பாகம் பிரித்த அன்று ஒரு பீரோவுக்காகச் சண்டை போட்டு, எட்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் மாமனார் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். துணைக்கு இருப்பவர்கள் ஒரு போர்வையை அலச இடமில்லாமல் படுகிற பாட்டை இரண்டு பேரும் சேர்ந்தே பட்டார்கள். அதில் பிறந்ததுதான் இந்த இலவசச் சலவைக் கூடம். இன்னும் ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் பழைய புத்தி லேசில் போகுமா? பீரோ கதை திரும்பக் கூடாது என்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டால் ஆள் அடையாளம் எழுதினார்கள். வாஷிங் மெஷினில் ‘பெரியவ’. இஸ்திரி மேசையில் ‘சின்னவ’. வாளிக்கு ஒரு பேர், வாளிக்குள் கிடக்கிற மக்குக்கு வேறு பேர். கூத்துதான், போங்கள்!

இப்போது வாடகைக்கு வழியில்லை. ஓர் அறக்கட்டளை இரண்டு வருஷ வாடகை தருவதாகச் சொன்னது, சங்கமாகப் பதிவு செய்தால். வெள்ளிக்கிழமைக்குள் மனு போகவில்லையென்றால் கூடத்துக்குப் பூட்டுதான். வியாழன் காலை, காசு வாங்காமல் உதவ வந்த வக்கீலம்மா சுற்றிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால்.

“சொத்துப் பட்டியல் ஏன் காலியா இருக்குன்னு இப்பத்தான் புரியுது. இங்க சங்கத்துக்குன்னு ஒரு துடைப்பம்கூட இல்லையே!”

“துடைப்பம் என்னுது,” என்றாள் சின்னவள் வெடுக்கென்று.

“அதைத்தாம்மா சொல்றேன். சங்கம்னா அது தனி ஆள் மாதிரி. அதுக்குன்னு சொத்து, அதுக்குன்னு பேங்க் கணக்கு. நாளைக்கே கலைச்சாலும் யாரும் எதையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. இதே மாதிரி வேலை செய்யற இன்னொரு சங்கத்துக்குத்தான் போகும். நீங்க என்னடான்னா, ‘மூடினால் அவரவர் பொருள் அவரவர்க்கு’ன்னு விதியே எழுதி வெச்சிருக்கீங்க! இதை மாத்தியாகணும்.”

“அப்ப என் மெஷின்?” பெரியவளுக்குப் பகீரென்றது.

“இரவல்னு எழுதிக் கொடுக்கலாம், உங்களுதாவே இருக்கும். ஆனா மெஷினே இல்லாத சலவைச் சங்கமான்னு அறக்கட்டளை யோசிப்பாங்க. இல்லைன்னா தானமா கொடுங்க. கொடுத்தா கொடுத்ததுதான், திரும்பக் கேட்க முடியாது. உங்க இஷ்டம்.”

அப்பா போட்ட வளையலை விற்று வாங்கிய மெஷின் அது. வீடு புருஷன் பேரில், வண்டி மகன் பேரில். அவள் பேர் சொல்ல இருந்தது இது ஒன்றுதான். இதையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதா? அதுவும் இந்தச் சின்னவளை நம்பி? இரவல் என்றே எழுதிவிடலாம் என்று வாசலுக்கு வந்தாள்.

வாசலில் ஒருவர் ஈரப் போர்வை மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“ஏங்க, உள்ள போய்ப் போட வேண்டியதுதானே?”

“பெரியவங்க மெஷின்னு எழுதியிருக்கேம்மா. உள்ள போனவங்கள்ல அவங்க யாருன்னு தெரியலை, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்னு விடிஞ்சதுல இருந்து நிக்கிறேன். வீட்டுக்காரிக்கு மாத்த வேற போர்வை இல்லை.”

பெரியவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு தண்ணீர்க் குழாய்க்காக எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறாள்! அந்த மனுஷனைத் தன் எழுத்தே வாசலில் நிறுத்திவிட்டதே. மூட்டையை வாங்கி மெஷினில் போட்டுச் சுற்றவிட்டாள். பெயின்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து, மெஷின் ஓட ஓடவே, ‘பெரியவ’வை அழுத்தித் துடைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. தின்னர் நெடி என்று சொல்லிக்கொண்டாள்.

சின்னவள் அந்தத் துணியை வாங்கிக்கொண்டாள். தன் மேசையையும் துடைத்தாள். பிறகு புதுச் சொத்துப் பதிவேட்டைப் பிரித்து, ‘வாஷிங் மெஷின் ஒன்று, தானம் கொடுத்தவர்’ என்று எழுதி, பேனாவை நிறுத்தினாள்.

“அக்கா, உன் பேருக்கு முன்னாடி யாரு இனிஷியல்? உன் வீட்டுக்காரரோடதா, உங்கப்பாவோடதா?”

வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தைந்து வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.

“எங்கப்பாவோடது,” என்றாள் பெரியவள். “கொஞ்சம் பெருசாவே எழுதுடி.”