படாக் தூள்

பாம்பூஃப்ளாட்டில் மழை தொடங்கிய ஜூன் மாதம் செலினுக்கு இழுப்பு வந்தது. முதலில் வெறும் தும்மல்தான். காலையில் கண் விழித்ததும் பத்து, பன்னிரண்டு. பிறகு மூக்கு ஒழுகும். வெயில் ஏறுவதற்குள் நெஞ்சுக்குள் பூனை கத்துவது போல ஒரு சத்தம். ஆறு வயதுப் பிள்ளை தோள் இரண்டையும் தூக்கித் தூக்கி மூச்சுக்கு அலைவதைப் பார்த்து நிற்பதைத் தவிர வியாகுலத்துக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. ஈரக்காற்றுதான் காரணம் என்று சன்னலை அடைத்தாள். இருந்ததே ஒரு சன்னல்.

அவள் கணவன் சிலுவைராஜ் மரவாடியில் ரம்பம் இழுப்பவன். அண்ணனைக் கடல் கொண்டுபோன பிறகு வலையைத் தொடமாட்டேன் என்று கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவன். வேலையோடு தகரக் கூரை போட்ட ஒற்றை அறையும் கிடைத்தது.

மரவாடிக்கு வரும் படாக் மரத்தை அறுத்தால் செங்கல் நிறத்தில் தூள் கொட்டும். லேசாக வாசம் வரும். ஊரில் சர்க்கரை வியாதிக்காரர்கள் வேங்கை மரக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பதை அவன் பார்த்திருக்கிறான். படாக் வேங்கைக்குச் சொந்தக்கார மரம், அதன் தூளும் மருந்தாகத்தான் இருக்கும் என்று மரவாடியில் பாதிப் பேருக்கு நம்பிக்கை. பிள்ளைக்கு இழுப்பு கண்டதும் அவன் நல்ல தூளாகச் சலித்து, கோதுமை மாவுப் பையில் அடைத்து, தலையணை தைத்துக் கொண்டுவந்தான்.

செலின் அதில் முகத்தைப் புதைத்துத் தூங்கினாள். இழுப்பு கூடியது. மருந்து வீரியம் போய்விட்டது என்று பழைய தூளைக் கொட்டிவிட்டுப் புதுத் தூளை அடைத்தான்.

ஆகஸ்டில் ஒரு காலை பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. வியாகுலம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபெர்ரியில் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு, டாக்டர் பக்தவத்சலம், செலினின் மூக்கைத் துடைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செம்பழுப்பாக இருந்தது. ரத்தமா என்று அவள் கேட்டாள். அவர் முகர்ந்து பார்த்தார். வீட்டுக்காரருக்கு என்ன வேலை, பிள்ளை எதில் படுக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். தலையணையைச் சொல்லும்போது வியாகுலத்தின் குரல் இறங்கிப்போனது.

அவர் திட்டவில்லை.

"மூக்குலயும் மூச்சுக்குழாய்லயும் உடம்பு காவல் வெச்சிருக்கும்மா. உன் பொண்ணுக்கு அந்தக் காவல், தூளை எதிரின்னு நெனச்சு அடிக்குது. அடிக்கிற வேகத்துல வீங்கி, சளி கட்டி, வழியையே அடைச்சிடுது. அந்தக் களேபரத்துல நெசமான சளிக்கிருமி வந்தா தடுக்கத் தெம்பில்ல. மழைக்காலத்துல ரெண்டும் சேர்ந்துக்குது."

"தலையணையத் தூக்கிப் போட்டுட்டா சரியாயிருமா சார்?"

"வீட்டுக்குள்ள தூளே வரக் கூடாது. சட்டையில, தலைமுடியில, எதுலயும்."

திரும்புகையில் ஃபெர்ரிப் பலகையில் உட்கார்ந்து யோசித்தாள். வேலையை விட்டால் அறை போய்விடும். கப்பலேறி ஊருக்குப் போகலாம் என்றால் அங்கே வீடென்று ஒன்று இல்லை. ரம்பத்தை விட்டால் சிலுவைராஜுக்குக் கை பழகியது வலை மட்டும்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான் தெரிந்தது.

வீட்டில் அவள் டாக்டர் சொன்னதைச் சொல்லி முடித்ததும் சிலுவைராஜ் தலையணையைக் கையில் எடுத்தான்.

"மருந்துன்னுதானளா கொண்டாந்தேன்."

தலையணையை வெளியே கொண்டுபோய் எறிந்தான். அன்று முதல் மரவாடிக் குழாயடியிலேயே குளித்து, ஈரத் துண்டோடு வீட்டுக்கு வந்தான். அப்படியும் அவன் மடியில் ஏறிய கொஞ்ச நேரத்தில் செலின் தும்மினாள். நகக்கண்ணிலோ காது மடலிலோ எங்கோ ஒட்டிக்கொண்டு தூள் வந்தது. பதினைந்தாம் நாள் மறுபடி ஊசி. பிறகு அவன் மரவாடிக் கொட்டகையிலேயே படுக்கத் தொடங்கினான். பொண்டாட்டி துரத்திவிட்டாளா என்று மேஸ்திரி கோவிந்தராஜ் இந்தியில் கேலி செய்வாராம். இவனும் ஆமாம் என்று சிரித்து வைப்பானாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். வியாகுலம் துவைத்து வைத்த சட்டையை வெளியே நீட்டுவாள். வாசலில் இன்னொரு முறை குளித்து, அதை உடுத்திக்கொண்டு உள்ளே வருவான். செலின் தும்மத் தொடங்கினால் எழுந்து போய்விடுவான்.

மூன்றாவது ஞாயிறு. அந்த வாரம் முழுவதும் செலினுக்கு இழுப்பே இல்லை. ஓடிப்போய் அப்பன் மடியில் உட்கார்ந்தாள். மரவாடி யானை புதுப் பாகனைத் தும்பிக்கையால் தள்ளிவிட்ட கதையை அவன் சொல்லிக்கொண்டிருந்தான். தேநீர் கொண்டுவந்த வியாகுலம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கதைக்குச் சிரிப்பு இல்லை. செலின் உதட்டை இறுக்கிக்கொண்டு, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை அப்பன் சட்டையைப் பற்றியிருந்தது. முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டியது. நெஞ்சு எழவே இல்லை.

"என்னட்டி பண்ற? மூச்ச விடு."

செலின் மாட்டேன் என்று தலையாட்டினாள். சிலுவைராஜ் குனிந்து பார்த்தான். அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. மூக்கிலிருந்து அவள் விரலை மெதுவாக எடுத்துவிட்டான்.

"தும்மிரு மக்கா. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தும்மினாள். அடுத்தடுத்து வந்தது. அவன் அவளைக் கீழே இறக்கிவிட்டு, சட்டையைப் பற்றியிருந்த விரல்களைப் பிரித்தான். தேநீரைத் தொடாமல் படியிறங்கி மழைக்குள் போனான்.

செலின் அவனைக் கூப்பிட்டு அழுதாள். அழுதால் இழுப்பு கூடும். அழாதே என்று சொல்ல வியாகுலம் வாயெடுத்தாள். பிள்ளை மறுபடி மூச்சைப் பிடித்துக்கொள்வாளோ என்று நிறுத்திக்கொண்டாள்.