வாண்டேபாவின் வலது தொடை

லாரி மோதி நொறுங்கிய வாண்டேபாவின் இடது தொடை எலும்பை நம்போஸோ கணினியில் மறுபடி உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஸ்கேன் எடுக்கத் தலைநகர் கம்பாலாவுக்குத்தான் போகவேண்டும், அவ்வளவு தூரத்தை அந்தக் கால் தாங்காது. எல்கன் மலையடியில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மட்டும்தான். முன்னாலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். அவளுக்கு அதுவே தாராளம்.

நடுவில் பொடியாகிப்போன பகுதிக்கு, நல்ல வலது காலின் படங்களை இடவலம் மாற்றிப் பொருத்தினாள். வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் முழங்கால் பக்கத்துத் துண்டு ஒட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"உன் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு," என்றார் அறுவை மருத்துவர் காவுகா. "நாளைக்குக் காலைல ஆபரேஷன். எலும்பு மாதிரியை அச்செடுத்துக் குடும்மா, அதுல வெச்சுப் பார்த்துத்தான் பிளேட்டை வளைக்கணும்."

"இப்படியே அச்செடுத்தா இடது காலும் கோணலாத்தான் சேரும் டாக்டர். என் கணக்குல தப்பில்ல. அந்த வலது கால்தான் பொய் சொல்லுது."

"கால் பொய் சொல்லுதா? நல்லாருக்கே. போய் அதையே கேளு."

போய்க் கேட்டாள். வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டும் வாண்டேபா, கட்டிலில் சாய்ந்தபடி மூங்கில்குருத்துக் குழம்பை ருசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வலது கால் எப்பவாவது உடைஞ்சிருக்கா?"

"டாக்டர்கிட்டயே சொன்னேனே. உடைஞ்சதே இல்ல."

"எங்கயும் விழவே இல்லையா?"

வாண்டேபா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சின்ன வயசுல மாமரத்துலேர்ந்து விழுந்தேன். அப்பாதான் கட்டுப் போட்டாரு. அவரு கட்டினா அது உடைஞ்சதுல சேர்த்தியில்ல தங்கச்சி. எங்க மலையில பாதிப் பேரை நடக்க வெச்ச கை அது." குரல் இறங்கியது. "அவரு கட்டினது கோணல்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

நம்போஸோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"படம்கூடப் பார்க்காம வெறும் கையால சேர்த்திருக்காரு. நான் படத்தை வெச்சுக்கிட்டே திணறுறேன். இத்தனை வருஷம் அந்தக் கால்லதானே நின்னீங்க? அதுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இடது காலுக்கு அது அளவு ஆகாது."

திரும்பி வந்து வலது காலை ஒதுக்கினாள். இடது எலும்பின் இரண்டு முனைகளையும், அவர் உயரத்து ஆண்களின் எலும்பு வடிவத்தையும் வைத்து இடைவெளியை நிரப்பினாள். முழங்கால் துண்டு சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. காவுகா அச்சு மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கிண்டலும் இல்லாமல் பிளேட்டை எடுத்து வளைக்க ஆரம்பித்தார்.

காலையில் அறுவை அறை வாசலில், தள்ளுகட்டிலில் படுத்திருந்த வாண்டேபா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வலது காலை நேராக்குறேன்னு யாரும் கை வைக்க மாட்டாங்கல்ல?"

"நான் விடமாட்டேன் அண்ணே."

"அப்ப சரி," என்று கையை விட்டார். "தள்ளச் சொல்லு."