கோதண்டம் மார்க்

தியேட்டரில் சிலைடு போடலாம் என்று முதலில் சொன்னவள் ஜரினாதான்.

பூந்தமல்லியில் அவள் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள் ஓடின. பாவாடைகளைத் தைத்து ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய் வீடு வீடாக விற்பாள். அவள் பையின் அடியில் பக்கத்து வீட்டு நாகவல்லியின் சீயக்காய்த் தூள் பொட்டலங்களும் இருக்கும். நாகவல்லி குமணன்சாவடிப் பக்கம் சீயக்காய் விற்கப் போனால் ஜரினாவின் பாவாடைகள் நாலைந்தைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். இப்படி ஒருத்தி சரக்கை மற்றவள் சுமந்தே ஆறு வருஷம் ஓட்டியிருந்தார்கள்.

"நடந்து நடந்து கால் தேஞ்சிபோச்சி யக்கா. தியேட்டர்ல சிலைடு எய்துறது எங்க அண்ணன்தானே? மேனேஜராண்ட அது ஒரு வார்த்த சொன்னா இண்டர்வெல்லுல போடுவாரு. ஒரு ஆட்டத்துக்கு ஐநூறு பேரு பாப்பான். உன் போட்டோவும் போட்டுக்கலாம்."

நாகவல்லி பதறினாள். "பொம்பள மூஞ்சியப் போட்டா விசிலடிச்சே சாவடிச்சிடுவானுங்கடி. எங்க ஊட்டுக்காரரு போட்டோ கீது, அத்தப் போடு. சரக்கே அவரு பேருல தானே கீது?"

அது உண்மை. கோதண்டம் மார்க் சீயக்காய்த் தூள் என்றுதான் பொட்டலத்தின் மேல் ரப்பர் ஸ்டாம்பு குத்துவாள். ஆரம்பத்தில் மளிகைக்கடைக்காரர்கள் "யார் சரக்கும்மா?" என்று கேட்டபோது என்னுடையது என்றாள். ஒருவரும் தொடவில்லை. "எங்க ஊட்டுக்காரரு கோதண்டம் சரக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். மூன்று கடைகளில் வாங்கிக்கொண்டார்கள். இறந்துபோன மனிதன் வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்?

கோதண்டம் இறந்தது அறுபத்து மூன்றில். அப்போது அவர்கள் பட்டாபிராமில் இருந்தார்கள். கால்வாய் வெட்டும் வேலைக்கென்று அவன் பெஜவாடா போனான். மூன்றாம் மாதம், கூடப் போயிருந்த அய்யாசாமி மட்டும் தனியாகத் திரும்பி வந்தான். ஒரு நீலக் கோடு போட்ட சட்டையை அவள் கையில் கொடுத்து, கிருஷ்ணா ஆற்றில் குளிக்க இறங்கியவனைத் தண்ணீர் இழுத்துப் போய்விட்டது, உடம்பு கிடைக்கவில்லை என்று அழுதான். கரையில் கிடந்த சட்டை அது. அவளே பொத்தான் தைத்துக் கொடுத்தது. பதினாறாம் நாள் தாலியை வாங்கினார்கள். அவளுக்கு இருபத்து நாலு வயது. குழந்தை இல்லை. பட்டாபிராமில் இருக்கப் பிடிக்காமல் பூந்தமல்லிக்கு வந்து, சீயக்காயும் வெந்தயமும் பச்சைப்பயறும் பூலாங்கிழங்கும் காயவைத்து மெஷினில் அரைத்து விற்கத் தொடங்கினாள்.

சிலைடு தயாரானதும் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு இருவரும் போனார்கள். இண்டர்வெல்லில் குடைக்கடை, பல் வைத்தியர், ஜவுளிக்கடை எல்லாம் வந்து போயின. பிறகு திரை முழுக்க கோதண்டம் வந்தான். நன்றாகச் சீவிய தலை, மெல்லிய மீசை. ஜரினாவின் அண்ணன் ஷவுகத் அலி கீழே அழகாக எழுதியிருந்தார்: அமரர் கோதண்டம் நினைவாக.

நாகவல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே நேரம் முன் பெஞ்சுகளிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"டேய், நம்ம சூள மேஸ்திரிடா! உயிரோட கீற ஆள சாவடிச்சிட்டானுங்கடா!"

அந்தப் பக்கமே சிரித்தது. நாகவல்லி எழுந்துவிட்டாள். "எவனோ தண்ணி போட்டுட்டு ஒளர்றான், நீ உக்காரு" என்று ஜரினா கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை. மீதிப் படம் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, செத்தவனைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்துவிட்டோமே என்று படுத்துக் கிடந்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் வாசலில் உட்கார்ந்து தூள் சலித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி இன்னொன்று.

"சீயக்கா விக்கிற நாகவல்லி ஊடு இதுதானா?"

"நான்தாம்மா. எத்தினி பாக்கெட்டு வோணும்?"

"வாங்க வர்ல. என் பேரு பொன்னியம்மா. செம்பரம்பாக்கத்துலேருந்து வரேன். செங்கல் சூளையாண்ட இட்லிக் கட வெச்சிகினு கீறேன்." இடுப்புக் குழந்தையை ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "சினிமாக் கொட்டாயில ஒரு போட்டோ போட்டியாமே, அது யாரு?"

"எங்க ஊட்டுக்காரரு. செத்து ஒம்பது வருசம் ஆச்சி."

"சாவல யக்கா. எங்க ஊட்லதான் கீறாரு. இது ரெண்டும் அவரு புள்ளைங்க."

நாகவல்லியின் கை சல்லடையை ஆட்டிக்கொண்டே இருந்தது. தூள் கொஞ்சம் பறந்தாலே தும்முகிறவள், முகத்தில் தூள் படிந்தும் தும்மவில்லை. ஏதோ ஆள் மாறாட்டம், ஒரே சாயலில் ஏழு பேர் இருப்பார்கள் என்று வாய்க்குள் வந்தது. சொல்வதற்குள் பொன்னியம்மா பேசினாள்.

"தூங்கச் சொல்ல பல்லக் கடிப்பாரு. நறநறன்னு. புள்ளைங்க முழிச்சிக்கும்."

சல்லடை நின்றது.

கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாகவல்லி எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜரினாவிடம் கூட.

மற்றதைப் பொன்னியம்மா நின்றபடியே சொல்லி முடித்தாள். அவன் சூளூர்பேட்டையில் மேஸ்திரியாக இருந்தபோது தனக்கு யாருமில்லை என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டான். செம்பரம்பாக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சூளை ஆட்கள் படம் பார்த்துவிட்டு வந்து, மேஸ்திரி செத்துப்போனார் என்று கேலி செய்தார்கள். மறுநாள் அவனே போய்ப் பார்த்தான். திரும்பி வந்து, பூந்தமல்லியில் நாகவல்லி என்று ஒருத்தி தன் பேரை வைத்துப் பெரிய வியாபாரம் செய்கிறாள், பேரும் முகமும் தன்னுடையது, அதனால் கம்பெனியும் தன்னுடையது என்றான். வருகிற ஞாயிறு ஒரு வக்கீல் குமாஸ்தாவை அழைத்துக்கொண்டு வரப்போகிறான்.

"நீ இன்னாத்துக்கு இத்த வந்து எனக்குச் சொல்றே?" நாகவல்லியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அட்ப்பாண்ட வெந்து சாவறது நானு. கட போர்டுல கோதண்டம் டிபன் ஸ்டால்னு எய்தி வெச்சிகினாரு. கல்லாவுல அவருதான் உக்காருவாரு. ஒரு எண்ணெ வாங்கக்கூட அவராண்ட கேட்டுகினு நிக்கணும். இன்னொருத்திக்கும் அப்டி ஆவ வோணாம்னு வந்தேன்." பெரிய குழந்தையை இழுத்துக்கொண்டு அவள் திரும்பினாள். "பஸ்ஸு பூடும். நான் வந்தேன்னு சொல்லிடாத."

ஜரினா வந்து பார்த்தபோது நாகவல்லி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதும் ஜரினா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "யா அல்லா" என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து புடவையைச் செருகிக்கொண்டாள்.

அன்று மாலையே ஷவுகத் அலி தியேட்டருக்குப் போய்ச் சிலைடை வாங்கி வந்தார். வடகம் போட்டு விற்கும் குப்பம்மா புதுக் காகிதத்தைக் கட்டாகக் கொண்டுவந்து இறக்கினாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் மூன்று பெண்களும் உட்கார்ந்து பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துப் புதுக் காகிதத்தில் கட்டினார்கள். குப்பம்மா கடைகளுக்குப் போய், பழைய பொட்டலங்களை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"பேரு இன்னா போடறது?" என்று ஷவுகத் அலி கேட்டார்.

"நாகவல்லின்னு போடு" என்றாள் ஜரினா.

நாகவல்லியின் கை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தது, மனம் வேறெங்கோ இருந்தது. ஆறு இழுத்துப் போனவன் எங்கேயோ கரை ஒதுங்கியிருப்பான். அடிபட்டு ஞாபகம் தப்பியிருக்கும். தேடி வந்து, பட்டாபிராம் வீட்டில் வேறு யாரோ இருப்பதைப் பார்த்துத் திரும்பியிருப்பான். அய்யாசாமி அவசரப்பட்டுவிட்டான். இப்படியெல்லாம் அவனுக்காக அவளே காரணம் தேடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் வந்தான். உடம்பு பருத்திருந்தான். மீசை தடித்திருந்தது. ஒன்பது வருஷம் கழித்து அவன் பேசிய முதல் வார்த்தை, அடுத்த தெருவுக்குப் போய்த் திரும்பியவன் பேச்சாக இருந்தது.

"இன்னா நாகு, சௌக்கியமா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் ஜரினாவும் குப்பம்மாவும் நின்றார்கள். தெருவே எட்டிப் பார்த்தது.

குமாஸ்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கோதண்டம் மார்க் சீயக்காய் தயாரிக்கிறது இங்கதானே?" என்றார்.

ஜரினா ஒரு பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நாகவல்லி சீயக்காய்த் தூள்னு போட்டிருக்கு. உங்க பேரே இல்லையே?"

"மாத்திட்டாளுங்க சார்! தியேட்டர்ல என் கண்ணால பாத்தேன்!"

அப்போதுதான் நாகவல்லி பேசினாள். "அய்யாசாமி ஒரு சட்ட கொண்டாந்து குட்த்தான். நீலக் கோடு போட்டது. அது எப்டி அவன் கைக்கு வந்தது?"

கோதண்டம் கொஞ்சம் சங்கடப்பட்டான். ஆனால் பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய விஷயமாகவே அவனுக்குப் படவில்லை போலிருந்தது.

"நான்தான் கயட்டிக் குட்த்து அனுப்சேன். சும்மா உட்டா நீ தேடிகினு வந்துருவே. செத்துட்டான்னு தெரிஞ்சா ஒரேயடியா அய்து தீத்துடுவே இல்ல? உன் நல்லதுக்குத்தான்."

குப்பம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குமாஸ்தா கையிலிருந்த பொட்டலத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

நாகவல்லி அவனைப் பார்த்தாள். இரண்டு நாளாக அவனுக்காகத் தேடி வைத்திருந்த காரணங்களில் ஒன்று கூட மிச்சமில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கோபமும் வரவில்லை.

"அமாவாசைக்கு அமாவாசை உனக்குப் படையல் வெச்சேன்" என்றாள். "உனக்குப் புடிக்கும்னு கருவாட்டுக் கொயம்பு வெச்சேன்."

"அதான் உயிரோட வந்துட்டேனே. இனிமே கடய நான் பாத்துக்கறேன். நீ அரச்சிக் குடு, போதும்."

"போ" என்றாள் நாகவல்லி.

"தாலி கட்னவன்டி நானு!"

குமாஸ்தா அவன் கையைப் பிடித்தார். "வாய்யா வெளியே. செத்துட்டதா நீயே ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கே. பொண்டாட்டி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் வேற பண்ணியிருக்கே. இதெல்லாம் என்கிட்ட நீ சொல்லவே இல்லையே! இந்தம்மா ஸ்டேஷனுக்குப் போனா முதல்ல உன்னைத்தான் உள்ளே வைப்பான்."

கோதண்டம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். ஒருவர் முகமும் அவனுக்குச் சாதகமாக இல்லை. முணுமுணுத்துக்கொண்டே போனான். குமாஸ்தா அவனுக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தாள். மறுநாளிலிருந்து தெருவில் ஆளாளுக்கு வந்தார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போது நெற்றி வெறுமையாக இருக்கலாமா என்று கேட்டார்கள். ஒருத்தி குங்குமச் சிமிழே கொண்டுவந்துவிட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதை அழித்த அதே வேகத்தில் இப்போது வைக்க வந்தார்கள். நாகவல்லிக்கு அவனைப் பார்த்தபோது இருந்ததை விட இது அதிகமாகத் திகைப்பாக இருந்தது. சிமிழை வாங்கி அலமாரியில் வைத்தாள். அதை அவள் திறக்கவே இல்லை.

ஜரினா அவளை விடவில்லை. ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்ப் போட்டோ எடுக்க வைத்தாள். ஷவுகத் அலி புதுச் சிலைடு எழுதினார். அதைப் பார்க்க நாகவல்லி போகவில்லை. போய்வந்த ஜரினா, "விசிலடிச்சானுங்க யக்கா, அடிச்சிட்டுப் போறானுங்க. வெளிய வரச் சொல்ல நாலு பொம்பளைங்க உன் ஊடு எங்க கீதுன்னு கேட்டுகினு வந்தாங்க" என்றாள். அந்த மாதம் நாகவல்லி அரவை மெஷினுக்கு இரண்டு நடை அதிகமாகப் போனாள்.

பங்குனியில் பஸ் ஏறி செம்பரம்பாக்கம் போனாள். பொன்னியம்மாவுக்கு என்ன ஆனதோ என்ற நினைப்பு அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. சூளை ஓரத்தில் ஓலைக் கொட்டகை. போர்டில் பழைய எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தது. கல்லாவில் பொன்னியம்மாவே உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டேன். 'உனக்கு ஒரு பொண்டாட்டி கீறாளாமே'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். சூளக்காரங்க ஒருத்தனும் அப்பறம் மதிக்கல. பொட்டிய எடுத்துகினு பூட்டாரு. எங்கன்னு தெரியாது."

நாகவல்லி தன் பையிலிருந்து இருபது பொட்டலங்களை எடுத்துப் பலகையில் அடுக்கினாள். "சூளப் பொம்பளைங்க தலையில எல்லாம் செம்மண்ணு. நல்லா விக்கும். வித்துப் பாரு. போர்டு எய்த ஷவுகத் பாயை அடுத்த வாரம் இட்டுகினு வரேன்."

பொன்னியம்மா ஒரு தட்டில் மூன்று இட்லி வைத்துக் கொடுத்தாள். பெரிய குழந்தை வந்து நாகவல்லியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா இது?" என்று கேட்டது.

"பெரியம்மாடா" என்றாள் பொன்னியம்மா, சட்னியை ஊற்றிக்கொண்டே.

நாகவல்லியின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. இப்படி ஒரு உறவு தனக்கு உண்டு என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. குழந்தை அவள் தட்டையே பார்த்தது. அவள் இட்லியைப் பிட்டு, சட்னியில் காரம் பார்த்து, அதன் வாயில் ஊட்டினாள்.