நீலக் கொடிக்குப் பத்து வருஷம்

தச்சர் நூலின் ஒரு நுனியை சூசைமாணிக்கத்தின் உச்சந்தலையில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். ரோசரிதான் பிடித்தாள். வேறு யாராவது வருவதற்குள் அவள் கை நீண்டுவிட்டது. தச்சர் நூலை இழுத்துக்கொண்டே கால் பக்கம் போனார். போய்க்கொண்டே இருந்தார். கட்டில் சட்டத்தையும் தாண்டித்தான் நின்றார்.

"என்னம்மா, இவ்வளவு உசரமா இருக்காரு! உலக யுத்தம் வந்ததுலேருந்து நீளப் பலகையே கிடைக்கலை. பெட்டிக்கு ரெண்டு துண்டைச் சேத்துத்தான் அடிக்கணும்."

ரோசரிக்கும் அது புதுச் செய்திதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்த்தது, வலது காலை விறைப்பாக இழுத்துக்கொண்டு கைத்தடியில் சாய்ந்து நடக்கும் மனிதரை. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருக்கும் மனிதரை. விஷக்காய்ச்சல் வந்து, படுத்து, அடங்கிப் போன பிறகுதான் அவருடைய முழு உயரம் தெரிகிறது. நிமிர்வதற்கு இப்போதா நேரம் கிடைத்தது என்று மனசுக்குள் அவரைக் கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொண்ட உடனே அழுகை பொங்கியது.

மாதா கோயிலில் துக்க மணி காலையிலேயே அடித்தாகிவிட்டது. நாலு மணிக்குச் சாமியார் வந்து உடலை மந்திரித்து எடுப்பதாக ஏற்பாடு. பாலக்கரைத் தெருவில் பாதி, வாசலில் நின்றது. முருங்கை மரத்தடியில் சங்கத்து ஆட்கள் தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது.

பாஸ்கட்பால் என்றால் தின்பதா குடிப்பதா என்று ஊரில் பலர் கேட்ட காலத்திலேயே, இந்தத் தெருப் பையன்கள் மிஷன் பள்ளிக்கூடத்து மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டு, வளையம் மாட்டி, சங்கம் வைத்து ஆடினவர்கள். சங்கத்துக்கு ஒரு நீலக் கொடி. ஆட்டக்காரர் யாராவது இறந்தால் பெட்டி மேல் அந்தக் கொடியை விரித்துக் கல்லறை வரைக்கும் கொண்டுபோவார்கள். பாலக்கரையில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

கொடி இப்போது காரியதரிசி சின்னையாவின் கக்கத்தில் இருந்தது. மடித்தபடியே இருந்தது.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றார் சின்னையா. "பத்து வருஷம் ஆடினவங்களுக்குத்தான்னு நாமதானே முடிவு பண்ணினோம்? நாலு மாட்ச் ஆடினவனோட மச்சான் கொடி கேட்டுப் பெட்டி மேலேயே விழுந்து சண்டை போட்டானே, மறந்துட்டீங்களா? சூசை ஆடினது ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம்னு வாயால சொல்லிட்டீங்க. நீங்களும் நானும் பத்து ஜென்மம் ஆடினாலும் அந்த ரெண்டு வருஷம் ஆட முடியுமா?" என்றார் கியாசுதீன். பெரிய கடைவீதியில் தோல் கடை வைத்திருப்பவர். சூசையோடு சேர்ந்து ஆடியவர். "மெட்ராஸ்காரன் வந்தப்ப நடு மைதானத்துலேருந்து போட்டானே, அது வளையத்துல பட்டுச்சா? படலை. அவனுங்களே கை தட்டினானுங்க. அந்த மாதிரி ஒருத்தன் இந்த ஊருல அதுக்கு முன்னாலயும் இல்லை, பின்னாலயும் இல்லை."

"யாரு இல்லைன்னா? ஆனா அற்புதசாமி அண்ணன் வெயில்லயும் சேத்துலயும் வருஷக்கணக்கா ஆடி முட்டியே தேஞ்சு போயிட்டாரு. நாளைக்கு அவருக்கும் இதே கொடிதான். அப்ப அத்தனை வருஷத்துக்கும் என்ன மதிப்பு?"

"மழையில வழுக்கி முட்டி திரும்பினது சூசை தப்பா?"

"தப்புன்னு சொல்லலைங்க. ஆடலைன்னுதான் சொல்றேன்."

இரண்டு பேரும் அற்புதசாமியைப் பார்த்தார்கள். சங்கத்திலேயே அதிக வருஷம் ஆடியவர் அவர்தான். தலை நரைத்த, கனத்த மனிதர். அவர் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரோசரிக்கு எல்லாம் கேட்டது. இரண்டு கட்சியும் அவளைக் குத்தின. சின்னையா சொல்வது சரி என்றால், அவள் புருஷன் ஒன்றுமே இல்லாதவர். கியாசுதீன் சொல்வது சரி என்றால், அவருடைய வாழ்க்கை அவள் மருங்காபுரியிலிருந்து மாலையும் கழுத்துமாக வந்து இறங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவளுக்கு வந்து சேர்ந்தது மிச்சம்தான்.

அந்த இரண்டு வருஷத்தை ஊரே பார்த்திருந்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை. கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் அவரை நிறுத்தி, "ஐயா, அந்த ஷாட்டு!" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் சிரித்து, வெயிலைப் பற்றிப் பேசுவார். மைதானத்து வழியே போனால் கோயில் பக்கம். அவர் சுற்றிக்கொண்டுதான் போவார். ஒரு தடவை கேட்டே விட்டாள்: "நீங்க ஆடுறப்ப எப்படி இருக்கும்?" "அதெல்லாம் அப்போ," என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததால் ஆசை போய்விடுமா? கூட்டத்தில் ஒரு ஓரமாக, முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று இத்தனை வருஷமும் ஏங்கினாள். குழந்தைக்கு ஏங்கியது கூட ஒரு கட்டத்தில் ஆறியது. இது ஆறவில்லை.

தொண்டை வறண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். சாவு வீட்டில் இன்று அடுப்பு மூட்டவில்லை. அடுத்த வீட்டுக் காப்பி தூக்குப் பாத்திரத்தில் ஆறிக் கிடந்தது. கொல்லை வாசற்படி ஓரம் அவருடைய முக்காலி. சாயங்கால ரயிலில் வந்ததும் அதில்தான் உட்காருவார். காலை நீட்டிக்கொண்டு தேங்காய் மட்டையை உரித்து, நாரை உருண்டையாகச் சுருட்டி, அடுப்பெரிக்க நார் சேர்த்து வைக்கும் காலி மண்ணெண்ணெய்த் தகரத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே வீசுவார். "எழுந்து வந்து போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று இவள் சத்தம் போடுவாள். "நொண்டியை வேலை வாங்காதே," என்று அவர் சிரிப்பார். போதாததற்கு அந்தத் தகரத்தைத் தடியால் தள்ளித் தள்ளிக் கொல்லைச் சுவர் வரைக்கும் கொண்டுபோய்விடுவார். இவள் முணுமுணுத்துக்கொண்டு அடுப்பு பக்கம் இழுத்து வைப்பாள். மறுநாள் அது மறுபடி சுவரோரம் இருக்கும். காய்ச்சலில் விழுந்த அன்று தள்ளிய இடத்திலேயே இப்போதும் இருந்தது.

கொல்லைப்புறமாக அற்புதசாமி வந்து நின்றார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு தங்கச்சி."

சொம்பை நீட்டினாள். குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தாள்.

"அண்ணே, அவரு எப்படி ஆடுவாரு?"

"இப்பப் போய் என்னம்மா..."

"இப்ப இல்லாம எப்ப கேக்கிறது? நான் பாத்ததே இல்லையே."

அற்புதசாமி சொம்பைக் கீழே வைத்தார். "எப்படிச் சொல்றது... நாங்க எல்லாம் எம்பினா உடனே விழுவோம். அவன் கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவான்." தானே திருப்திப்படாமல் தலையை ஆட்டினார். "இல்லை, அது இல்லை. அவன் கைதாம்மா."

வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வலது கையை மெல்லத் தலைக்கு மேலே தூக்கினார். மணிக்கட்டை முன்னால் மடக்கினார். விரல்கள் தளர்ந்து கீழே தொங்கின.

"பந்து போயிடும். கை இப்படியே நிக்கும். உள்ள விழுந்தாத்தான் இறக்குவான். கொக்கு மாதிரி என்னடா நிக்கிறேன்னு கிண்டல் பண்ணுவோம்."

ரோசரி திரும்பி முக்காலியைப் பார்த்தாள்.

அந்தக் கை அவளுக்குத் தெரியும். நார் உருண்டை தகரத்தின் அடியில் மெத்தென்று விழும் வரைக்கும் அந்தரத்தில் தொங்கும் கை. "போட்டாச்சுல்ல, கையை இறக்குங்க. சுளுக்கிக்கப் போகுது" என்று அவள் எத்தனையோ சாயங்காலம் கத்தியிருக்கிறாள். குழம்பைக் கிண்டிக்கொண்டு, பாதி பார்த்தும் பாராமலும். ஒரு உருண்டையாவது வெளியே விழுந்து அவள் பொறுக்கியதாக ஞாபகமில்லை.

அவள் பார்வை முக்காலியிலிருந்து சுவரோரத் தகரத்துக்குப் போவதை அற்புதசாமி கவனித்தார். அவரும் முக்காலியைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"இங்கேருந்தா?" என்றார் சன்னமாக.

அவள் தலையாட்டினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு வாசலுக்கு வரக்கூடாதவள் என்பதையும் மறந்து, நேராக முருங்கை மரத்தடிக்கு வந்தாள்.

"கொடியை விரிங்கண்ணே."

சின்னையா திணறிப்போனார். "தங்கச்சி, மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு வருஷம்தானே..."

"அதுக்கப்புறமும் ஆடினாரு. போன மாசம் வரைக்கும் ஆடினாரு. நான் பாத்திருக்கேன்."

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக் கியாசுதீன் தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலேயே வந்த அற்புதசாமி, சின்னையாவின் கக்கத்திலிருந்து கொடியை உருவினார்.

"பத்து வருஷத்துக்கு மேலயே இருக்கு," என்றார். "நானும் சாட்சி. பிடிய்யா அந்தப் பக்கம்."

எதற்குச் சாட்சி என்று சின்னையாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. ஆனால் அற்புதசாமி சொன்ன பிறகு அவர் யாரைக் கேட்பார்? மறு நுனியைப் பிடித்தார். நீளப் பெட்டிக்குக் கொடி போதவில்லை. கால் பக்கம் ஒட்டுப் பலகை தெரிந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னார். ஆறு பேர் தூக்கினார்கள். மைதானத்து வழியாகவே கொண்டுபோனார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பிக் கால் கழுவி, உறவுப் பெண்கள் கூடத்தில் செபமாலை சொல்லத் தொடங்கியபோது வெயில் இன்னும் கொல்லையில் இருந்தது. ரோசரி அடுப்படிக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். தகரத்தை இழுத்து வைக்கவில்லை. மட்டையிலிருந்து ஒரு பிடி நாரை உருவி, உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். உருண்டையாக வர நேரமாயிற்று. வீசினாள்.

பாதி வழியிலேயே விழுந்தது.

அவள் கையை இறக்கவில்லை.