சிவப்புத் தோல் துண்டு

ஆம்பூரைத் தாண்டி இருக்கும் அந்த ஷூ கம்பெனி கேட்டில், புதன்கிழமை மத்தியானம் நடமாடும் நூலக வேன் வந்து நின்றால், சோற்று டப்பாவைக்கூடத் திறக்காமல் ஓடி வருகிற பெண்கள் உண்டு. பக்க அடையாளத்துக்கு எல்லோரும் வைப்பது, வெட்டிக் கழித்த தோல் துண்டைத்தான். திரும்பி வரும் புத்தகங்களிலிருந்து அவற்றை உருவிப் போடுவதே வேனின் நூலகர் பூர்ணிமாவுக்குப் பாதி உத்தியோகம்.

சௌந்தர்யாவின் புத்தகத்தில் இருந்தது சிவப்புத் துண்டு. பசை ஒட்டும் பிரிவில் வேலை பார்த்த பெண். வேன் படியில் உட்கார்ந்து, உதடு அசைய, ஆமை வேகத்தில் படிப்பாள். ஒரு தடித்த நாவலில் பாதியைத் தாண்டுவதற்குள் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் அவளுடைய அம்மா அன்னம்மாள், அதற்கப்புறம் புதன்தோறும் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து தவணையை நீட்டித் தரச்சொல்லிக் கேட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பூர்ணிமாவும் மனசு கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் எத்தனை நாளைக்கு? பழைய புத்தகங்களை வேலூரில் இறக்கிவிட்டுப் புதியவற்றை ஏற்ற வேண்டிய நேரம் நெருங்கியது. திருப்பிக் கேட்டபோது அன்னம்மாள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அவ இன்னும் படிக்கிறாம்மா. ராத்திரி போட்டோகிட்ட வெச்சா, காலைல துண்டு முன்னால தள்ளி இருக்குது. முடிச்சிட்டா போய்டுவாளேன்னு நான்தான் தினம் பின்னால இழுத்து வெக்கிறேன்."

பெற்ற மனம் பித்து என்று நினைத்துக்கொண்டாள் பூர்ணிமா. பின்னால் இழுக்கிறவளே தூக்கக் கலக்கத்தில் முன்னாலும் தள்ளுகிறாள், பாவம். புத்தகம் கையைவிட்டுப் போனால்தான் இது ஆறும் என்று முடிவு கட்டினாள். அடுத்தவர் துக்கத்துக்கு முடிவு கட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. நயமாகப் பேசி வாங்கி அலமாரியில் வைத்தாள். சிவப்புத் துண்டை உருவ மட்டும் கை வரவில்லை.

மறுநாள் குடியாத்தத்தில் வேனைத் திறந்ததும் குப்பென்று பசை வாடை அடித்தது. துண்டு முன்னே நகர்ந்திருந்தது. ரோடு குலுக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த நாளும் நகர்ந்தது, அதற்கடுத்த நாளும். ரோட்டுக் குழிக்கு அத்தனை ஒழுங்கு ஏது? சாவியோ அவள் கைப்பையில் இருந்தது. பின்னால் இழுத்து வைத்திருக்கலாம்தான். தொடவே பயமாக இருந்தது. இழுக்க ஆளில்லாமல் துண்டு ஓடிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை கம்பெனி கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அது கடைசிப் பக்கத்தையும் தாண்டி, பின்னட்டையை ஒட்டிக் கிடந்தது.

அன்னம்மாள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அழவில்லை. "முடிச்சிட்டாளா" என்று மட்டும் கேட்டாள். பூர்ணிமாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செத்துப்போன பெண்ணை இன்னொரு தரம் சாகக் கொடுத்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அன்னம்மாள் வேனுக்குள் ஏறினாள். அலமாரியைக் கையால் தடவிக்கொண்டே போய், இருப்பதிலேயே தடித்த புத்தகமாக ஒன்றை உருவினாள். சிவப்புத் துண்டை அதன் முதல் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடுத்த புதன்கிழமை எல்லோரும் போன பிறகுதான் வந்தாள். வாரம் பூராவும் போட்டோவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாளாம், பிரித்துப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லையாம்.

"நீயே பார்த்து சொல்லும்மா."

பூர்ணிமா புத்தகத்தை முகர்ந்தாள். பசை வாடை துளியும் இல்லை, வெறும் காகித வாசனை. பிரித்தாள். துண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அன்னம்மாள் கம்பெனிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முத்திரையை எடுக்கிறவள்போலத் திரும்பிய பூர்ணிமா, துண்டை உருவிச் சில பக்கங்கள் தள்ளி வைத்தாள்.

"படிக்கிறாக்கா," என்றாள். "மெதுவாத்தான் படிக்கிறா."