சந்தனம் பூசிய தோட்டா

2003 ஒக்டோபரில், இத்தாலியின் பலெர்மோ நகரில் பொலிதேயாமா அரங்கப் பக்கத்து மாடி வீடொன்றில், ஒரு துப்பாக்கித் தோட்டா இளைக்கத் தொடங்கியது. ஆயுதபூசைக்கு ஆயுதபூசை ஒன்றரைச் சென்ரிமீற்றர். வீட்டுக்காரர் கல்வாருசோ, வயது எண்பத்தெட்டு. உலகப் போருக்குச் சற்று முன் இத்தாலியப் படைக்குப் பருமனான புதுத் தோட்டா செய்ய முயன்ற பொறியியலாளர்களில் ஒருவர். பழையது ஆளைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறதாம், போதிய காயம் செய்வதில்லையாம். வேலை பாதியில் இருக்கப் போர் வந்தது. பழையதே போதும் என்றது மேலிடம். மனிதர் விடவில்லை. மருந்து நீக்கிய, ஏழரைச் சென்ரிமீற்றர் நீள மாதிரித் தோட்டா ஒன்றை மேசையில் வைத்து, அறுபது வருடமாகத் திருத்தி வரைந்துகொண்டிருந்தார்.

இளைப்புக்குக் காரணம் அவரைப் பராமரிக்க வந்த யாழ்ப்பாணத்து இந்திராதேவி. ஆயுதபூசைக்கு லீவு கிடைக்காததால் அவர் வீட்டுக் குசினியிலேயே பலகை போட்டு, தன் இஸ்திரிப்பெட்டி, துடைப்பம், அவர் வட்டம் வரையும் கவராயம் எல்லாம் அடுக்கினாள். தோட்டாவைக் கண்டதும் கை கூசியது. அவள் புருஷன் ஆனந்தராசாவின் வலத்தோளுக்குள் ஊரில் பட்ட சன்னத்தின் துண்டு இன்னும் கிடந்தது. வெட்டி எடுத்தால் கை போய்விடும் என்றிருந்தார் டொக்டர், கையோ நெஞ்சுக்கு மேல் எழும்பாது. ஆனாலும் ஒருவரின் தொழிற்கருவியை விட்டால் குற்றம் என்று அதற்கும் சந்தனம் பூசி, மற்றவற்றோடு விசயதசமிவரை ஓய்வில் வைத்தாள்.

தோட்டா இளைக்க இளைக்க ஆனந்தராசாவின் கை உயர்ந்தது. எக்ஸ்ரேயில் துண்டும் சிறுத்திருந்தது.

"இஞ்சாரும், கை தோள்மட்டுக்கு வருகுது," என்றான் 2006 இல்.

"ஓமப்பா, அங்கை அதுவும் மெலியுது."

பூசைக்குப் பூசை தோட்டாவை அளந்துவந்த கல்வாருசோவுக்கு ஆவல் தாங்கவில்லை. காரணத்தை உறுதிசெய்ய ஒரு வருடம் சந்தனத்தை நிறுத்திப் பார்ப்போம் என்றார்; பொறியியலாளர் புத்தி. புருஷனின் கதையைச் சொன்னால் பைத்தியம் என்பார் என்று பயந்து, வேண்டாம் என்று மட்டும் மன்றாடினாள் இந்திராதேவி. அவர் அசையவில்லை. 2007 இல் தோட்டா அப்படியே இருந்தது, கையும் தோளோடு நின்றது. அவளுக்கு வந்த கோபத்தில் ஒரு மாதம் அவருக்கு உப்பில்லாத பாஸ்தாதான். ஏன் என்று கேட்டார். புருஷனைக் கூட்டிவந்து சட்டையைக் கழற்றச் சொல்லி, கை உயர்ந்த கதையைச் சொன்னாள். கிழவர் தழும்பை நெடுநேரம் பார்த்தார். எத்தனை மீற்றரிலிருந்து சுட்டது என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார். அடுத்த வருடம் சந்தனத்தை அவரே குழைத்தார்.

2009 பூசையின்போது தோட்டா இல்லை, தோளிலும் எதுவும் இல்லை. ஆனந்தராசா இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டான். இந்திராதேவி விம்மி அழுதாள். தோட்டாவின் இடத்தில் வைக்க வேறெதுவும் இல்லாத கிழவர், படம் வரைந்த தன் வலக்கையைப் பலகையில் நீட்டினார். அவள் அதற்கும் சந்தனம் பூசினாள். விசயதசமிவரை அசைக்கக் கூடாது என்பதால், அன்று முழுக்கச் சாப்பாட்டை அவளே ஊட்டிவிட்டாள்.